தூதரகத்துல வேலை பாக்குறவங்களுக்கு சம்பளம், ஆள் பலம் கூட்டிக் கேக்குறது நியாயமா? டெல்லி மக்கள் சொல்லுங்க

மயூர்விஹார்_அக்கா:
வணக்கம், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிச்சுட்டு பதில் போடுங்க. என் தம்பி வெளியுறவு அமைச்சகத்துல ஏஎஸ்ஓ (உதவிப் பிரிவு அலுவலர்), எஸ்எஸ்சி சிஜிஎல்ங்கற மத்திய அரசு வேலைத் தேர்வு எழுதி உள்ள போனவன். மேற்கு ஆப்பிரிக்கால ஒரு சின்ன தூதரகத்துல போஸ்டிங் முடிச்சுட்டு இப்ப டெல்லி ஹெட்குவார்ட்டர்ஸுக்கு வந்திருக்கான், குவார்ட்டர்ஸ் இன்னும் கைக்கு வரல, அதனால குடும்பத்தோட எங்க ஃப்ளாட்லதான் ஒரு ரூம்ல இருக்கான். அவன் பொண்டாட்டி குர்கான்ல நல்ல ஐடி வேலைல இருந்தவ, கூட போகணும்னு விட்டுட்டா, இப்ப இன்டர்வியூ போற எடத்துல எல்லாம் நடுவுல இத்தனை வருஷம் என்ன பண்ணீங்கன்னுதான் முதல் கேள்வியாம். பையன் அங்க ஃப்ரெஞ்ச்ல படிச்சவன், இங்க ஹிந்தி எழுத்தே வரல.

இத எங்க ஆபீஸ் லஞ்ச்ல சொன்னா எல்லாரும் சிரிக்கறாங்க. டாலர்ல வாங்கி டூட்டி ஃப்ரீ கார் ஓட்டுனவனுக்கு என்னம்மா குறைன்னு கேக்குறாங்க. எனக்கும் பதில் சொல்லத் தெரியல, ஏன்னா பாதி உண்மை மாதிரிதான் இருக்கு.

இப்ப மத்திய அரசு ஊழியர் சம்பளத்த மாத்தறதுக்கு 8வது ஊதியக் குழு வேற உக்காந்திருக்கு. இந்தத் துறைக்காரங்களுக்கு சம்பளம், ஆளு, சலுகை கூட்டிக் குடுங்கன்னு வெளிய இருந்து நாம பேசுறது நியாயமா? பேசினா எத முதல்ல கேக்கணும்? அவங்களே வாயத் தொறக்க முடியாதாமே, அப்ப யாரு கேப்பா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கரோல்பாக்_கணக்கன்:
அக்கா கோச்சுக்காதீங்க, நான் உங்க லஞ்ச் பார்ட்டி பக்கம்தான். கணக்கப் பாருங்க. யூபிஎஸ்சி எழுதி ஐஎஃப்எஸ் (இந்திய வெளியுறவுப் பணி) போறவருக்கு ஆரம்ப அடிப்படை சம்பளம் 56,100, ஐஏஎஸ்ஸுக்கும் அதே தான், மேல கொஞ்ச தூரம் போனதும் மத்த சர்வீஸ்களுக்கு இல்லாத ரெண்டு எக்ஸ்ட்ரா இன்கிரிமெண்ட் ஐஏஎஸ்ஸுக்கும் ஐஎஃப்எஸ்ஸுக்கும் மட்டும் உண்டு. உங்க தம்பி சம்பள லெவல் 7ன்னா 44,900ல ஆரம்பிச்சிருப்பார். அதுக்கு மேல 2025 ஜூலை கணக்குப்படி டிஏ (அகவிலைப்படி) 58 சதவீதம், டெல்லில ஹெச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) 30 சதவீதம், கூட்டினா 84 ஆயிரத்து சொச்சம் வருது, இது புதுசா சேந்தவனுக்கு. வெளிநாட்ல இருந்தா வீடு வாடகை அரசாங்கம், ஃபாரின் அலவன்ஸ் தனி, அந்த அலவன்ஸுக்கு வருமான வரி கிடையாது, 1961 வருமான வரிச் சட்டத்துல செக்‌ஷன் 10(7) போய் பாருங்க.

சத்தீஸ்கர் சுக்மால காட்டுக்குள்ள கெடக்குற சிஆர்பிஎஃப் ஜவானும் பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டுதான் இருக்கான். நம்ம ஊர் அங்கன்வாடி அக்காங்களுக்கு இன்னும் மதிப்பூதியம்தான், சம்பளம்னே பேரு கிடையாது. வரிசைல நின்னு கேக்கணும்னா இவங்க எங்க நிக்கணும்னு நீங்களே சொல்லுங்க.

ஆர்கேபுரம்_பெருசு:
நான் இந்த அமைச்சகத்துல பிராஞ்ச் பி-ல (ஐஎஃப்எஸ்ஸுக்கு கீழ இருக்கற ஊழியர் பிரிவு) சேந்து ரிட்டயர் ஆனவன், இப்ப மலை மந்திர் பக்கத்துல ஜாகை. கணக்கன் தம்பி சொன்ன எண் எதுவும் தப்பில்ல, ஆனா பாதிக் கணக்குதான் போட்டிருக்கார், மீதிய நான் சொல்றேன்.

வெளிநாட்டு போஸ்டிங்ல இருக்கறப்ப டிஏ கிடையாது, ஹெச்ஆர்ஏ கிடையாது, அதுக்கு பதிலா எஃப்ஏ, அதாவது ஃபாரின் அலவன்ஸ். அது போனஸ் இல்ல, அந்த ஊர் விலைவாசிக்கு ஏத்த மாதிரி போட்ட தொகை. பிஎல்சிஏ ரூல்ஸ்னு 1961ல போட்ட விதிகள் இருக்கு, சம்பளம் லீவு அலவன்ஸ் எல்லாம் அதுலதான் ஓடுது, நடுவுல ஆயிரம் திருத்தம் வந்திருக்கும் ஆனா எலும்புக்கூடு அதேதான். ஒரு ஊர்ல திடீர்னு கரன்சி விழுந்து விலை எகிறிச்சுன்னா எஃப்ஏ திருத்தம் வர்றதுக்குள்ள குடும்பம் கடைல கடன் சொல்ல வேண்டியதுதான். நல்ல ஊர்ல மிச்சம் புடிக்கலாம், மறுக்கல, நானும் புடிச்சிருக்கேன், துவாரகால ஒரு சொசைட்டி ஃப்ளாட் அப்படித்தான் வந்தது. ஆனா மலேரியா ஊர்ல, கரண்ட் இல்லாத ஊர்ல, ராத்திரி வெளிய போகக் கூடாதுன்னு சர்க்குலர் வர்ற ஊர்ல இருந்தவனுக்கும் லண்டன்ல இருந்தவனுக்கும் உள்ள வித்தியாசத்த நம்ம ஊர் விதி சரியா அளக்கறதில்லங்கறது என் அபிப்ராயம். அமெரிக்காக்காரன் கஷ்டமான ஊருக்கு அடிப்படை சம்பளத்துல 35 சதவீதம் வரைக்கும் தனியா குடுக்கறான், ஆபத்தான ஊர்னா அதுக்கு மேல இன்னொரு 35 சதவீதம் வரைக்கும். 2008 ஜூலைல காபூல்ல நம்ம தூதரக வாசல்ல குண்டு வெடிச்சு வெங்கடேஸ்வர ராவ்ங்கற ஐஎஃப்எஸ் அதிகாரி, பிரிகேடியர் மேத்தா, ரெண்டு ஐடிபிபி (இந்தோ திபெத் எல்லைக் காவல் படை) ஜவான்கள் செத்தாங்களே, அப்புறமும் அங்க ஆள் போயிட்டுதான் இருந்தான். ஜவானோட ஒப்பிடாதீங்கன்னு நான் சொல்லல, இவங்களும் அந்த மாதிரி எடத்துக்கு போறாங்கன்னுதான் சொல்றேன்.

ஆனா அம்மா, ஒரு விஷயம். நீங்க சம்பளத்த முதல்ல வெச்சு பேசினா தோத்துடுவீங்க. ஆள் கணக்க எடுங்க. 2023 மார்ச்ல நாடாளுமன்ற நிலைக்குழு ஒரு அறிக்கை வெச்சது, அமைச்சகத்தோட மொத்த பணியிடம் 4,888, அதுல ஐஎஃப்எஸ் கேடர் (பணிப் பிரிவு) 1,011. இவ்வளவுதான். நூத்தி நாப்பது கோடி பேர் நாட்டுக்கு, உலகம் பூரா 200க்கு மேல தூதரகம் கான்சுலேட் வெச்சுக்கிட்டு, இவ்வளவுதான். 2018ல ஆப்பிரிக்கால மட்டும் 18 புது மிஷன் (தூதரகம்) தொறக்க கேபினட் ஒத்துக்கிச்சு, நல்லதுதான், ஆனா அதே ஆளதான் பிச்சு பிச்சு அனுப்பணும். சின்ன மிஷன்ல தூதர் ஒருத்தர், கீழ ரெண்டு மூணு பேர், அவங்களேதான் விசா, பாஸ்போர்ட், அக்கவுண்ட்ஸ், சுதந்திர தின கொடியேத்தம், டெல்லில இருந்து வர்ற விஐபிக்கு கார், எல்லாம். ஒருத்தன் லீவுல ஊருக்கு போனா ஒரு செக்‌ஷனே மூடுன மாதிரி.

யூபிஎஸ்சி எடுக்கறது 2022 பரீட்சைல 38, 2023ல 37, 2024ல 55ன்னு ஏத்திருக்காங்க. அந்த 55 பேரும் முசோரி அகாடமி பயிற்சி முடிச்சு, பழைய ஜேஎன்யூ கேம்பஸ்ல இருக்கற இன்ஸ்டிடியூட்ல பயிற்சி எடுத்து, அப்புறம் ஒரு மொழி படிச்சு, உருப்படியா ஒரு டெஸ்க்ல உக்கார எத்தனை வருஷம் ஆகும்னு யோசிங்க. இன்னிக்கு கேட்டாதான் 2035க்கு ஆள் வரும்.

ராம்நாட்டுக்காரன்:
பெருசு சொன்ன ஆள் கணக்குக்கு ஊர்ல இருந்து ஒரு அர்த்தம் சொல்றேன். நான் டெல்லில லாஜிஸ்டிக்ஸ் கம்பெனில இருக்கேன், எங்க ஊர் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் வளைகுடால. யாராவது அங்க எறந்துட்டா எனக்குதான் ஃபோன் வரும், நீ டெல்லில இருக்கியேப்பா மினிஸ்ட்ரில கேளேன்னு. டெல்லில இருக்கறவன் எல்லாம் மினிஸ்டர் வீட்டு மாப்பிள்ளைன்னு ஊர்ல நெனப்பு.

பாடி அனுப்பறதுக்கு என்னென்ன வேணும் தெரியுமா, டெத் சர்டிஃபிகேட், போலீஸ் கிளியரன்ஸ், குடும்பத்துகிட்ட இருந்து சம்மதக் கடிதம், கம்பெனிக்காரன் பாக்கி செட்டில் பண்ணணும், பாஸ்போர்ட்ட கேன்சல் பண்ணணும், தூதரக என்ஓசி (ஆட்சேபணை இல்லாச் சான்று), எம்பாமிங் சர்டிஃபிகேட், அப்புறம் ஏர்லைன் கார்கோ. கம்பெனிக்காரன் ஃபோன் எடுக்கலன்னா யாராவது நேர்ல போயி உக்காந்து பேசணும். எங்க சித்தப்பா பையன் விஷயத்துல ஒரு நாட்ல (பேர் வேணாம்) ஃபோன் எடுத்த அதிகாரி ரொம்ப நல்ல மனுஷன், ஆனா ஒத்தை ஆளு, வேலைத் தகராறு கேஸும் அவர்தான், ஜெயில் விசிட்டும் அவர்தான், ஓடி வந்த வீட்டு வேலைக்காரப் பொம்பளைங்க ஷெல்டரும் அவர்தான். வளைகுடா நாடுகள்ல நம்ம ஆளுங்க எண்பது தொண்ணூறு லட்சம் பேர் இருக்காங்க. 2009ல இருந்து ஐசிடபிள்யூஎஃப்னு இந்திய சமூக நல நிதி இருக்கு, பாடி அனுப்ப, டிக்கெட் போட, வக்கீல் வெக்க அதுல பணம் எடுக்கலாம், அதனால பணம் இல்லன்னு யாரும் சொல்லல, ஓட ஆள் இல்ல.

அதனால கணக்கன் அண்ணே, இத அங்கன்வாடி அக்காவோட போட்டியா பாக்காதீங்க. தூதரகத்துல லேபர் செக்‌ஷனுக்கு நாலு பேர் கூட்டி போட்டா அதுல பொழைக்கறது அதே அங்கன்வாடி அக்காவோட புருஷன்தான்.

கூடவே_போனவ:
நான் பேர் போடல. வீட்டுக்காரர் இந்தத் துறைதான், அதுக்கு மேல கேக்காதீங்க.

எல்லாரும் அதிகாரியப் பத்தியே பேசறீங்க, அக்கா எழுதினதுல எனக்கு நெஞ்சுல குத்தினது உங்க தம்பி பொண்டாட்டிதான். ஒரு சம்பளம் நின்னு போறத எந்த அலவன்ஸும் ஈடு கட்டாதுங்க. ரெண்டு பேர் சம்பாதிச்சாதான் டெல்லில வாழலாம்ங்கற காலத்துல ஒருத்தர் ஒவ்வொரு மூணு வருஷத்துக்கும் வேலைய விடணும்னா அந்தக் குடும்பம் எப்படி லோன் எடுக்கும், வீடு வாங்கும்? பிஎஃப் தொடர்ச்சி போச்சு, சீனியாரிட்டி போச்சு, நாப்பது வயசுல ஃப்ரெஷர் மாதிரி நிக்கணும். சில நாடுகளோட இந்தியாவுக்கு ஒப்பந்தம் இருக்கு, தூதரக ஊழியரோட துணை அங்க வேலை பாக்கலாம்னு. ஆனா ஒப்பந்தம் இருந்தா மட்டும் வேலை வந்துடுமா, அந்த ஊர் மொழி தெரியணும், டிகிரிய அவங்க ஒத்துக்கணும், பர்மிஷன் வந்து சேர்றதுக்குள்ள அடுத்த டிரான்ஸ்ஃபர் வந்துடும். அமெரிக்க தூதரகங்கள்ல குடும்பத்து ஆளுங்களுக்குன்னே உள்ளயே கொஞ்சம் வேலைங்க ஒதுக்கி வெச்சிருக்காங்க. நம்ம மிஷன்ல ஆள் இல்ல ஆள் இல்லன்னு கத்தறோம், படிச்ச பொண்ணுங்க மாடில சும்மா உக்காந்திருக்கோம், இது என்ன நியாயம்னு நான் ஒரு தடவ ஒரு பெரிய மேடம்கிட்டயே கேட்டேன், சிரிச்சுட்டு பக்கோடா எடுத்துக்கோன்னாங்க.

அப்புறம் கேட்டா கிடைக்காதுன்னு யாரும் சொல்லாதீங்க. சி.பி. முத்தம்மா, கூர்க்காரங்க, ஆனா காலேஜ் படிச்சது நம்ம சென்னைல, ஐஎஃப்எஸ்ல சேந்த முதல் பெண். அந்தக் காலத்து விதில பொம்பளை அதிகாரி கல்யாணம் பண்ண அரசாங்கத்துகிட்ட எழுத்துல அனுமதி வாங்கணும், கல்யாணம் ஆனதும் வேலைக்கு இடைஞ்சல்னு தோணினா ராஜினாமா பண்ணச் சொல்லலாம்னே இருந்தது, ஆம்பளைக்கு அப்படி இல்ல. ப்ரமோஷன் தராம தட்டிக் கழிச்சப்ப அவங்க சுப்ரீம் கோர்ட் போனாங்க, 1979ல கிருஷ்ணய்யர் தீர்ப்பு. கேஸ் நடக்கறப்பவே ப்ரமோஷன குடுத்துட்டாங்க, அந்த மாதிரி விதிகள எடுத்துட்டோம், மிச்சத்த எடுக்கறோம்னு அரசாங்கமே சொல்லிச்சு, அதனால மனு தள்ளுபடிதான், ஆனா ஜட்ஜ் விதிகள கிழிச்சு தொங்க விட்டுட்டார். சர்வீஸ் விதிய மாத்தணும்னா யாராவது ஒருத்தர் கெட்ட பேர் எடுத்துக்க தயாரா இருக்கணும்போல.

முனிர்கா_ஐஆர்_பையன்:
மத்த நாட்ல இவங்க எப்படி கேட்டாங்கன்னு கொஞ்சம் படிச்சிருக்கேன், பிஎச்டிக்கு, சுருக்கமா சொல்றேன் (சுருக்கமா வராது).

கனடால 2013ல அவங்க ஃபாரின் சர்வீஸ் யூனியன் மாசக்கணக்குல போராடினாங்க. கோரிக்கை ரொம்ப எளிமை, எங்க பக்கத்து டேபிள்ல அதே வேலைய செய்ற வேற துறை எகனாமிஸ்ட், வக்கீல் எங்கள விட அதிகம் வாங்கறான், அதே சம்பளம் குடு, அவ்வளவுதான். விசா ஆபீஸ்ல வேலைய நிறுத்தினாங்க, அதுல டெல்லியும் சண்டிகரும் உண்டு, அந்த வருஷம் கனடா போக இருந்த பஞ்சாப் ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் தவிச்சாங்க. அரசாங்கம் நேர்மையா பேரம் பேசலன்னு அவங்க தொழிலாளர் வாரியமே சொல்லிச்சு, செப்டம்பர் கடைசில செட்டில் ஆச்சு. இஸ்ரேல்ல 2014ல அமைச்சகத்தையே பூட்டிட்டாங்க, தூதரகங்களும் மூடியாச்சு, பிரதமரோட லத்தீன் அமெரிக்க பயணமே ரத்து ஆச்சு. ஃப்ரான்ஸ்ல 2022 ஜூன் 2 ஸ்ட்ரைக், அங்க சண்டை சம்பளத்துக்கு இல்ல, தனி தூதர் கேடரையே கலைச்சு பொது நிர்வாக கேடர்ல கரைக்கப் போறாங்கன்னு. கேடர கலைச்சது கலைச்சதுதான், ஆனா அடுத்த வருஷம் மேக்ரான் 2027க்குள்ள 700 பணியிடம் கூட்டுறோம், பட்ஜெட் ஏத்துறோம்னு அறிவிச்சார்.

எல்லாம் ஜெயம்னு நெனச்சுடாதீங்க, அமெரிக்கால 1924ல இருந்து அவங்களுக்கு சங்கம் இருக்கு, பலமான சங்கம், ஆனா 2025 மார்ச்ல ட்ரம்ப் ஒரே உத்தரவுல கூட்டுப் பேர உரிமைய புடுங்கினார், ஜூலைல வெளியுறவுத் துறைல 1,300 பேருக்கு மேல வேலை நீக்க நோட்டீஸ், அதுல 246 பேர் ஃபாரின் சர்வீஸ். ரஷ்யா டெஸ்க்ல இருந்தவன நீக்கினா அடுத்த வாரம் அந்த அறிவு சந்தைல விக்காது.

எனக்கு தோணினது, கனடாக்காரங்க பொழைச்சது ஏன்னா "எங்களுக்கு கூட குடு"ன்னு கேக்கல, "அவனுக்கு குடுக்கறத எனக்கும் குடு"ன்னு கேட்டாங்க. அத பொதுமக்கள் ஒத்துக்குவாங்க.

கரோல்பாக்_கணக்கன்:
ராம்நாட் தம்பி சொன்னதுக்கு என்கிட்ட மறுப்பு இல்ல. ஆள் கூட்டணும், சரி. ஆனா காசு எங்க இருக்குன்னும் பாத்துடுவோம். 2025-26 பட்ஜெட்ல இந்த அமைச்சகத்துக்கு 20,516 கோடி, மொத்த பட்ஜெட் 50 லட்சம் கோடிக்கு மேல, அதாவது நூறு ரூபால நாப்பது பைசா. அந்த நாப்பது பைசாலயும் வெளிநாடுகளுக்கு உதவின்னு 5,483 கோடி போயிடுது, பூட்டானுக்கு மட்டும் 2,150 கோடி. மீதில 200 ஆபீஸ் வாடகை, செக்யூரிட்டி, விமான டிக்கெட், எல்லாம். நாலு லேபர் ஆபீசர் கூட்டறது இதுல தூசு. சம்பள உயர்வு கேட்டா நான் கையெழுத்து போட மாட்டேன், பணியிடம் கேட்டா போடுறேன்.

மயூர்விஹார்_அக்கா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, தம்பிகிட்டயும் படிச்சுக் காட்டினேன், கூடவே போனவங்க பதில படிச்சதும் அவன் பொண்டாட்டி ஃபோன வாங்கி உள்ள கொண்டு போயிட்டா.

பெருசு ஐயா, ஒரே சந்தேகம். இவங்க ஸ்ட்ரைக் பண்ணவே கூடாதா? ஊதியக் குழுவுக்கு நாம எழுதினா எடுத்துக்குவாங்களா?

ஆர்கேபுரம்_பெருசு:
ஸ்ட்ரைக் கூடவே கூடாதும்மா, நடத்தை விதில தடை, அரசாங்கத்த பொதுவுல விமர்சிச்சாலும் வம்பு. ஐஎஃப்எஸ் அதிகாரிங்களுக்கு ஒரு சங்கம் உண்டு, கீழ இருக்கற கேடர்களுக்கும் தனித்தனி சங்கம் உண்டு, அங்கீகாரம் வாங்கின சங்கம் மனு குடுக்கலாம். இந்த 8வது குழு 2025 நவம்பர்ல அமைச்சது, நீதிபதி ரஞ்சனா தேசாய் தலைமை, 18 மாசம் அவகாசம். சங்கத்து மனுவுக்குதான் அங்க எடை. உங்க தம்பிய சங்கத்து ஆளுங்ககிட்ட பேசச் சொல்லுங்க, ஆனா அங்க ஒரு உள்குத்து இருக்கு, பெரிய அதிகாரிங்க சங்கத்துக்கு ப்ரமோஷனும் எக்ஸ்ட்ரா இன்கிரிமெண்ட்டும்தான் முக்கியம், ஏஎஸ்ஓவுக்கு குவார்ட்டர்ஸும் புள்ளை ஸ்கூலும்தான் முக்கியம். ரெண்டும் ஒரே மனுல போனா ரெண்டாவது பின் இணைப்புல கெடக்கும். தனியா எழுதச் சொல்லுங்க.

ஊதியக் குழு ஆள் கூட்டாது, அது நிதி அமைச்சகம், கேபினட் வேலை. அதுக்கு நிலைக்குழுதான் வழி. வருஷா வருஷம் பட்ஜெட் முடிஞ்சதும் மானியக் கோரிக்கைய (அமைச்சகம் கேக்கற பணத்த) அவங்க ஆராய்வாங்க, அந்தக் குழு எம்பிக்களுக்கு யார் வேணாலும் எழுதலாம், உங்களுக்கு நடத்தை விதி கிடையாது. ராம்நாட் தம்பி மாதிரி ஆளுங்க ஊர் எம்பிகிட்ட எழுதிக் குடுத்து, எந்தெந்த வளைகுடா மிஷன்ல லேபர் பிரிவுல எத்தனை பணியிடம், எத்தனை காலின்னு நாடாளுமன்றத்துல கேள்வி கேக்க வெச்சா அமைச்சகம் எண்ணோட பதில் சொல்லியே ஆகணும். அந்த எண்ணதான் அப்புறம் எல்லாரும் எடுத்து பேசுவாங்க.

மனுல மூணே விஷயம் வெச்சா போதும்னு நான் சொல்வேன். லேபர், கான்சுலர் வேலைக்கு காலிப் பணியிடத்த முதல்ல நிரப்பு. துணைக்கு மிஷன்லயே கான்ட்ராக்ட் வேலை குடு. போஸ்டிங் முடிஞ்சு வர்றவனுக்கு குவார்ட்டர்ஸ் வரிசைல முன்னுரிமை குடு, சரோஜினி நகர், நேதாஜி நகர் பழைய வீட்டையெல்லாம் இடிச்சு அடுக்குமாடி கட்டறப்பவே இத கேட்டிருக்கணும். எஃப்ஏ, இன்கிரிமெண்ட் எல்லாம் சங்கத்துக்காரங்க பாத்துப்பாங்க, நீங்க அத தொட்டா கணக்கன் தம்பி கையெழுத்து போட மாட்டார்.

கூடவே_போனவ:
பையன் ஸ்கூல் விஷயம் அக்கா, டிரான்ஸ்ஃபர்ல வர்ற மத்திய அரசு ஊழியர் புள்ளைங்களுக்கு கேந்திரிய வித்யாலயால முன்னுரிமை உண்டு, வருஷ நடுவுலயும் கேட்டுப் பாருங்க. தமிழ் வேணும்னா டிடிஇஏ (டெல்லி தமிழ்க் கல்விக் கழகம்) ஸ்கூல்ல கேளுங்க, லோதி எஸ்டேட், மந்திர் மார்க், ஆர்.கே.புரம்னு பல எடத்துல இருக்கு. ஹிந்திக்கு டியூஷன் வெச்சுடுங்க, ரெண்டு மாசத்துல ரோட்ல சண்டை போடற அளவு வந்துடும்.

சிஜிஎல்_2026:
குறுக்க வந்ததுக்கு மன்னிக்கணும், நான் முகர்ஜி நகர்ல படிச்சுட்டு இருக்கேன், எம்இஏ (வெளியுறவு அமைச்சகம்) ஏஎஸ்ஓவதான் முதல் ப்ரெஃபரன்ஸ்ஸா போடலாம்னு இருந்தேன், இத படிச்சதும் பயமா இருக்கு, போடலாமா வேணாமா?

ஆர்கேபுரம்_பெருசு:
போடு தம்பி. கல்யாணத்துக்கு பொண்ணு பாக்கறப்ப மட்டும் இந்த பக்கத்த முழுசா படிச்சுக் காட்டிடு.